வாடகை வீட்டில் மரத்தரையா, கார்ப்பெட்டா? வாசகர் கேள்வி – பதில்

தரை பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். எழுதியவர்கள் எல்லோரும் வாடகைக்கு இருப்பவர்கள். சொந்த வீட்டுக்காரருக்குச் சொல்லும் பதில் இவர்களுக்குப் பொருந்தாது. தரை இன்னொருவருடையது, அதில் விழும் கறை மட்டும் நம்முடையது!

ஒரே வாடகையில் இரண்டு வீடுகள் பார்த்திருக்கிறோம். ஒன்றில் முழுக்க மரத்தரை. இன்னொன்றில் கூடத்திலும் படுக்கையறைகளிலும் சுவருக்குச் சுவர் கார்ப்பெட். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. எனக்குத் தூசி ஒவ்வாமை. எதை எடுக்கலாம்?

மரத்தரை வீட்டை எடுங்கள். ஒட்டிப் பதித்த கார்ப்பெட்டைக் கழற்றித் துவைக்க முடியாது, வெயிலில் போட முடியாது, பிடிக்கவில்லை என்று மாற்றவும் முடியாது. உங்களுக்கு முன் குடியிருந்தவர்களின் தூசி, செல்லப் பிராணிகளின் முடி எல்லாம் அதன் அடியில் இருக்கும். தூசி ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமான தூசி உண்ணிகள் என்ற நுண்ணுயிர்கள் ஏறத்தாழ 0.3 மி.மீ. நீளமே உள்ளவை. நம் உடலில் இருந்து உதிரும் தோல் துகள்தான் அவற்றின் உணவு. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் அவை பெருகுவதில்லை. கார்ப்பெட்டின் அடி இழைகளிலோ அறையைவிட ஈரம் அதிகம் தங்கும்.

மரத்தரைக்கு மாறினாலே ஒவ்வாமை போய்விடும் என்றும் நம்பிவிடாதீர்கள். உண்ணிகளுக்கு மிகப் பிடித்த இடம் மெத்தையும் தலையணையும். படுக்கை விரிப்புகளை வாரம் ஒரு முறை 60 டிகிரி சூட்டு நீரில் துவைக்காதவரை தரையை மாற்றிப் பெரிய பயன் இல்லை. கார்ப்பெட் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மரத்தரையில் அது சும்மா கிடக்கும், நடக்கும்போது கிளம்பும். அதனால் துடைப்பத்தால் பெருக்குவதை விட்டுவிட்டு, வாக்யூம் கிளீனரோ லேசாக ஈரம் காட்டிய துணியோ பயன்படுத்துங்கள். குழந்தை விழுமே என்ற கவலைக்கு, விளையாடும் இடத்தில் மட்டும் துவைக்கக்கூடிய விரிப்பு ஒன்று போதும்.

கார்ப்பெட் வீட்டைத்தான் எடுக்க வேண்டிய நிலை என்றால், கையெழுத்துப் போடுமுன் சில சோதனைகள் செய்யுங்கள். ஜன்னல்களைச் சாத்திப் பத்து நிமிடம் கழித்து அறைக்குள் போய் மோந்து பாருங்கள். சுவரோரம் மண்டியிட்டு, நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியை அரை நிமிடம் அழுத்திப் பாருங்கள். பழுப்பு ஏறினால் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. கார்ப்பெட் போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இந்த ஒரு வரி எவ்வளவு முக்கியம் என்பது கடைசிக் கேள்வியில் தெரியும்.

"மரத்தரை" என்று சொல்லித்தான் வீட்டைக் கொடுத்தார்கள். ஆனால் பார்த்தால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

வாசற்படியில் இரண்டு அறைகள் சேரும் இடத்தில் ஒரு பட்டை இருக்கும். அது தளர்ந்திருந்தால் பலகையின் விளிம்பு தெரியும். மேலிருந்து கீழ்வரை ஒரே மரமாக, 18 முதல் 20 மி.மீ. கனத்தில் இருந்தால் முழு மரம். மேலே 2 முதல் 6 மி.மீ. மரத்தோல், கீழே குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பிளைவுட் அடுக்குகள் என்றால் எஞ்சினீயர்ட் மரம். அடர்த்தியான பழுப்பு நார்ப்பலகையின் மேல் அச்சிட்ட காகிதம் ஒட்டியிருந்தால் லேமினேட். மர நாரே இல்லாமல் வளையும் தன்மையோடோ கல்போலக் கெட்டியாகவோ இருந்தால் வினைல். விளிம்பு தெரியாவிட்டால் தரையின் கோலத்தைப் பாருங்கள். ஒரே முடிச்சு, ஒரே ரேகை நாலைந்து பலகைக்கு ஒரு தரம் திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சு. இயற்கை மரத்தில் இரண்டு பலகை ஒன்றுபோல் இராது.

தெரிந்து என்ன பயன் என்கிறீர்களா? எது கெட்டால் எவ்வளவு செலவு என்பது இதில்தான் இருக்கிறது. முழு மரத்தில் விழும் கீறலைப் பல தடவை இழைத்து, வார்னிஷ் பூசிச் சரிசெய்யலாம். எஞ்சினீயர்டில் மேல்தோல் 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஓரிரு தடவை இழைக்கலாம். லேமினேட்டில் உப்புத்தாள் பட்டாலே அச்சு போய்விடும். அதன் மேற்பரப்பு கீறலை நன்றாகத் தாங்கும், ஆனால் இணைப்பு வழியே தண்ணீர் உள்ளே போய்விட்டால் நார்ப்பலகை ஊதிக்கொள்ளும். காய்ந்தாலும் அந்த மேடு இறங்காது, பலகையை மாற்றத்தான் வேண்டும். வினைலுக்குத் தண்ணீர் பயமில்லை. சூடான பாத்திரமும் அடியில் ரப்பர் உள்ள மிதியடியும்தான் அதன் எதிரிகள். ரப்பரில் உள்ள ரசாயனம் வினைலுக்குள் இறங்கி மஞ்சள் தடம் போடும். எதைக் கொண்டு தேய்த்தாலும் போகாது.

ஸ்டீம் மாப் வைத்து மரத்தரையைத் துடைக்கலாமா?

வேண்டாம். நீராவி இணைப்புகளில் புகுந்து மரத்தை உப்பவைக்கும், வார்னிஷை வெளுக்கவைக்கும். வினிகர் கலந்த நீரும் நாளடைவில் பளபளப்பைக் குறைக்கும். துணியைப் பிழிந்தால் ஒரு சொட்டும் விழக் கூடாது, துடைத்த இடம் ஓரிரு நிமிடத்தில் காய்ந்துவிட வேண்டும். அதுதான் அளவு.

மரத்தரை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கீழ் வீட்டார் சத்தம், சத்தம் என்று புகார். நாங்கள் மெதுவாகத்தான் நடக்கிறோம். விரிப்பு போட்டும் புகார் நிற்கவில்லை.

எந்தச் சத்தம் என்று அவர்களிடமே கேளுங்கள். காலடி, நாற்காலி இழுப்பது, பொம்மை விழுவது எல்லாம் தரையை நேரடியாக அடித்து, கட்டடத்தின் வழியே கீழே இறங்கும் மோதல் சத்தம். பேச்சும் தொலைக்காட்சியும் காற்றுவழிச் சத்தம். விரிப்பும் கார்ப்பெட்டும் முதல் வகையைத்தான் அடக்கும். இரண்டாவதுக்கு எத்தனை விரிப்பு அடுக்கினாலும் பலன் சொற்பம். ஒலிபெருக்கியைத் தரையிலிருந்து எடுத்து ரப்பர் அட்டை மேல் வைப்பது, ஒலியில் கனத்த தாளத்தைக் குறைப்பது, இவைதான் வழி.

காலடிச் சத்தம்தான் என்றால், நீங்கள் போட்ட விரிப்பு மெல்லியதாக, அடியில் ஒன்றுமில்லாமல் இருக்கிறது போலும். சத்தத்தை வாங்குவது விரிப்பைவிட அதன் அடியில் போடும் மெத்துதான். அழுத்திச் செய்த ஃபெல்ட், 8 முதல் 10 மி.மீ. கனம், அடிப்பக்கம் இயற்கை ரப்பர் பூச்சு. இப்படிக் கேட்டு வாங்குங்கள். பிவிசி நுரை வலை மலிவாகக் கிடைக்கும். அது வார்னிஷில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது கட்டம் கட்டமாகத் தடம் விட்டுப்போகும். வீட்டைக் காலி செய்யும் நாளில்தான் அது கண்ணில் படும். மெத்து விரிப்பைவிட நான்கு பக்கமும் 2–3 செ.மீ. சிறிதாக இருந்தால் விளிம்பு படிந்து, கால் தடுக்காது.

விரிப்பை அறையின் நடுவில் அழகுக்குப் போடுவதால் பயன் குறைவு. எங்கே நடக்கிறீர்களோ அங்கே போடுங்கள்: படுக்கையிலிருந்து கதவுவரை, கூடத்தின் குறுக்கே. சாப்பாட்டு மேசைக்கு விரிப்பு மேசையின் விளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் 60 செ.மீ. நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாற்காலியைப் பின்னால் தள்ளும்போது பின்கால்கள் வெளியே இறங்கி இடிக்கும். நாற்காலிக் கால்களுக்கு ஒட்டும் ஃபெல்ட் வட்டங்கள் சில மாதங்களில் நகர்ந்து, பசையில் மணல் ஒட்டி, அதுவே உப்புத்தாளாகிவிடும். அடிக்கும் வகை, அதாவது நடுவில் ஆணியுள்ள ஃபெல்ட், மரக் கால்களுக்கு நன்றாக நிற்கும். எந்த வகையானாலும் மாதம் ஒரு முறை நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: விரிப்புக்கு அடியில் வெயில் படாது. செர்ரி மரம் வெளிச்சத்தில் கருக்கும், வால்நட் வெளுக்கும். இரண்டு ஆண்டு அசையாமல் கிடந்த விரிப்பை எடுத்தால் அதன் வடிவம் தரையில் நிழலாக நிற்கும். சில மாதங்களுக்கு ஒரு முறை ஒரு கை அகலம் நகர்த்திப் போட்டால் எல்லை தெளிவாக விழாது.

சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். மரத்தரையில் வட்டமாகத் தேய்ந்துவிட்டது.

நாற்காலியோடு வரும் சக்கரங்கள் பெரும்பாலும் கடினமான நைலான், அவை கார்ப்பெட்டுக்கானவை. மரத்தரைக்கு மிருதுவான பாலியூரித்தேன் சக்கரம் வேண்டும். பழையதைப் பிடித்து இழுத்தாலே கழன்றுவரும். பல நாற்காலிகளில் தண்டின் கனம் 11 மி.மீ., ஆனால் அளந்துவிட்டு வாங்குங்கள். தேய்ந்தது வார்னிஷ் மட்டுமா, மரமுமா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்துபோல் நின்றால் வார்னிஷ் இருக்கிறது. ஓரிரு நிமிடத்தில் உறிஞ்சி அந்த இடம் கறுத்தால் மரம் திறந்துகிடக்கிறது. அப்படியானால் வீட்டுக்காரருக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். மேலே எதையாவது போட்டு மறைத்து வைத்தால் வேலை பெருகும்.

வாடகை வீட்டுக் கார்ப்பெட் பழசு, பார்க்கவே பிடிக்கவில்லை. அதன் மேலேயே கிளிக் வகை லேமினேட்டைப் பதித்துவிட்டு, போகும்போது கழற்றிக்கொண்டு போகலாமா?

ஆசை நியாயமானது, ஆனால் வேலைக்கு ஆகாது. பலகைகளை ஒன்றோடு ஒன்று பிணைக்கும் நாக்கும் பள்ளமும் சில மில்லிமீட்டர் அளவே உள்ளவை. அடித்தளத்தில் இரண்டு மீட்டர் மட்டப்பலகையை வைத்தால் 2–3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது, மிதித்தால் அமுங்கவும் கூடாது என்பது பதிப்பதற்கான விதி. கார்ப்பெட்டும் அதன் அடிமெத்தும் சேர்ந்து 15–20 மி.மீ. இருக்கும். மிதிக்கும் ஒவ்வொரு முறையும் அமுங்கும். நாக்கு முறிந்து, இணைப்பு விரிந்து, முதலில் கிறீச்சிடும், அப்புறம் பலகை பிரியும். அடியில் சிக்கிய கார்ப்பெட் காற்றில்லாமல் ஈரம் பிடித்து முடைநாற்றமும் எடுக்கும். உயரம் கூடுவதால் கதவுகள் திறக்காது. கதவின் அடியை அறுக்கலாம் என்று யாராவது சொன்னால் அது யாருடைய கதவு என்று கேளுங்கள்.

கார்ப்பெட்டை மறைக்க அதைவிடக் கெட்டியான, தட்டை நெசவு விரிப்பைப் போடலாம். புசுபுசு விரிப்பைப் போட்டால் சுருண்டு ஊர்ந்துபோகும். விரிப்பின் மேல் கனமான சாமான் இரண்டு மூலைகளிலாவது நிற்க வேண்டும். இருபக்க டேப்பைத் தொடாதீர்கள், அதன் பசை இழைகளில் தங்கிக் கறுப்புப் பட்டையாகும்.

இன்னொரு வாய்ப்பு உண்டு. பழைய கட்டடங்களில் கார்ப்பெட்டுக்கு அடியில் நல்ல மரத்தரை இருப்பது அதிசயமில்லை. அலமாரிக்குள்ளோ மூலையிலோ, வீட்டுக்காரர் கூடவே இருக்கும்போது, குறடால் ஓர் இழைக்கொத்தைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். சுவரோரம் முள்பட்டை இருக்கும். அதன் ஆணிகள் மேல்நோக்கிச் சாய்ந்து நிற்கும், கனத்த கையுறை இல்லாமல் கை வைக்காதீர்கள். மரம் தெரிந்தால் அகற்றுவதைப் பேசி, எழுத்தில் அனுமதி வாங்கலாம். ஆனால் சுமார் 23 செ.மீ. சதுரப் பழைய ஓடுகளும் கறுப்புப் பசையும் தெரிந்தால் அப்படியே மூடிவிடுங்கள். அந்தக் காலத்து ஓடுகளிலும் பசையிலும், தூளாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கக்கூடும். சுரண்டினாலோ உடைத்தாலோதான் ஆபத்து. அது பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை.

கார்ப்பெட்டில் காபி கொட்டியது. தேய்த்துக் கழுவினேன், போய்விட்டது. இரண்டு நாளில் அதே இடத்தில் மறுபடி கறை வந்துவிட்டது!

பேய் இல்லை, நீங்கள் ஊற்றிய தண்ணீர்தான். கொட்டிய காபியில் ஒரு பகுதி அடிமெத்துவரை இறங்கியிருக்கிறது. மேலே காயும்போது விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அடியிலிருந்த கறை இழை வழியே ஏறி நுனியில் காய்கிறது. மிஞ்சிய சோப்பு இதற்குத் துணை. ஒட்டும் தன்மை உள்ள சோப்புப் படலம் காலடித் தூசியை எல்லாம் இழுத்துக்கொள்ளும்.

முறை இது. முதலில் வெள்ளைத் துணியால் ஒத்தி எடுங்கள், வெளி விளிம்பிலிருந்து நடுவை நோக்கி. தேய்த்தால் இழைகள் முறுக்கு அவிழ்ந்து, கறை போனாலும் அந்த இடம் கலைந்த தலைபோல் நிற்கும். பிறகு ஒரு கோப்பை, அதாவது 250 மி.லி., வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கால் தேக்கரண்டி மட்டும். இதைத் துணியில் நனைத்து ஒற்றுங்கள், நேராக ஊற்றாதீர்கள். பழுப்பு மிச்சமிருந்தால் ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து ஒற்றுங்கள். கடைசியாக வெறும் நீரால் இரண்டு தடவை ஒற்றி, சோப்பை முழுதும் எடுங்கள். அப்புறம்தான் பலரும் விட்டுவிடும் வேலை: உலர்ந்த வெள்ளைத் துணியை 2 செ.மீ. கனத்துக்கு மடித்து மேலே வைத்து, பாலித்தீன் உறை போட்டு, கனமான புத்தகங்களை ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். மேலே ஏறும் கறை துணியில் போய்த் தங்கும்.

எந்தக் கரைசலையும் முதலில் அலமாரிக்கு அடியில் ஒரு மூலையில் போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். ப்ளீச் எந்தக் கார்ப்பெட்டுக்கும் வேண்டாம். கம்பளி என்றால் இழையையே கரைத்துவிடும். இரத்தக் கறைக்குக் குளிர்ந்த நீர் மட்டும், சூடு பட்டால் அது உறைந்து பிடித்துக்கொள்ளும். பூனை, நாய் சிறுநீருக்கு நொதி கலந்த திரவம்தான் வேலை செய்யும். அதுவும் சிறுநீர் இறங்கிய ஆழம்வரை இறங்க வேண்டும், சீட்டில் சொன்ன நேரம்வரை ஈரமாகவே இருக்க வேண்டும். அமோனியா உள்ள கிளீனரைப் போட்டால் அந்த வாசனை பிடித்து அதே இடத்துக்கே திரும்பி வரும்.

பூந்தொட்டி வைத்த இடத்தில் மரத்தரையில் கறுப்பு வட்டம். எலுமிச்சை, சோடா உப்பு எல்லாம் போட்டாகிவிட்டது.

இனிமேல் எதையும் போடாதீர்கள். வெள்ளைப் புகைபோன்ற தடம் என்றால் ஈரம் வார்னிஷில் மட்டும் நிற்கிறது என்று பொருள், பல சமயம் சில நாள் காற்றாடவிட்டாலே மறையும். கறுப்பு என்றால் தண்ணீர் வார்னிஷைத் தாண்டி மரத்துக்குள் போய்விட்டது. ஓக் போன்ற மரங்களில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், தண்ணீரில் கரைந்த இரும்போடு சேர்ந்து மைபோலக் கறுத்திருக்கிறது. இதை எடுக்க வார்னிஷை நீக்கி, ஆக்ஸாலிக் அமிலம் பூசி, கழுவி, காயவைத்து, மறுபடி பூச வேண்டும். அந்த அமிலம் விஷம், தச்சர் செய்யட்டும். நீங்களே உப்புத்தாளால் அந்த இடத்தை மட்டும் தேய்த்தால் கறையோடு ஒரு பள்ளமும் நிற மாற்றமும் சேரும். அடுத்த தொட்டியை மண் தட்டில் வைக்காதீர்கள், அது ஈரத்தைக் கசியவிடும். பிளாஸ்டிக் தட்டும், தரையிலிருந்து சில செ.மீ. உயர்த்தும் கால்களும் இருக்கட்டும்.

மரப்பலகைகளின் ஓரங்கள் உயர்ந்து, நடு பள்ளமாகிவிட்டது. எங்கள் தவறு என்கிறார் வீட்டுக்காரர்.

பலகையின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட ஈரமானால்தான் இப்படிக் கிண்ணம்போல் வளையும். ஒரே இடத்தில் இருந்தால் குழாய்க் கசிவைத் தேடுங்கள்: பாத்திரம் கழுவும் இயந்திரம், குளிர்சாதனப் பெட்டி, பக்கத்துக் குளியலறைச் சுவர். அறை முழுக்க இருந்தால் பெரும்பாலும் அடித்தளத்திலிருந்து ஈரம் ஏறுகிறது, பிழிந்த துணியால் நீங்கள் தரை துடைத்ததால் வந்திருக்க வாய்ப்பு குறைவு. யார் சொன்னாலும் உடனே இழைக்கவிடாதீர்கள். ஈரத்தின் காரணத்தை அடைத்துக் காயவிட்டால் பல பலகைகள் தாமாகவே படியும். ஈரத்தோடு ஓரங்களை இழைத்துவிட்டால், காய்ந்த பிறகு நடு மேடாகி நிற்கும். வறண்ட மாதங்களில் பலகைகளுக்கு இடையே மெல்லிய இடைவெளி விழுவது வேறு சங்கதி. அது இயல்பு, ஈரப்பதம் கூடியதும் மூடிக்கொள்ளும், மக்குப் பூசி அடைக்க வேண்டாம்.

இஸ்திரிப் பெட்டி விழுந்து கார்ப்பெட்டில் ஓர் உள்ளங்கை அளவு கருகிவிட்டது. முழு வீட்டுக்கும் புதுக் கார்ப்பெட் போட அட்வான்ஸில் கழிப்பேன் என்கிறார் வீட்டுக்காரர்.

கருகியது சேதம், அதை நீங்கள் ஏற்கத்தான் வேண்டும். நடந்து நடந்து படிந்த பாதை, சோபாக் கால் பள்ளம், வெயிலில் வெளுத்த நிறம் போன்றவை இயல்பான தேய்மானம். இவற்றைச் சேதத்தோடு சேர்த்துக் கணக்குப் போடக் கூடாது. அடுத்து, பழையதற்குப் பதில் புதியதை உங்கள் பணத்தில் வாங்கிக்கொள்வதும் நியாயமில்லை. மீதமிருக்கும் ஆயுளுக்குத்தான் ஈடு. கார்ப்பெட்டின் ஆயுள் 8 ஆண்டு என்று இருவரும் ஒப்புக்கொண்டு, அது 6 ஆண்டு பழசு என்றால், மிச்சம் 8இல் 2, அதாவது கால் பங்கு. அதுவும் சேதமான அறையின் பரப்புக்கு மட்டும். நான்கு சம அளவு அறைகளில் ஒன்று என்றால், மொத்தச் செலவில் 16இல் ஒரு பங்கு. இந்த வாதத்துக்கு கார்ப்பெட்டின் வயதுக்கு ஆதாரம் வேண்டும். குடிவந்த அன்று எடுத்த, தேதி தெரியும் படங்கள் உதவும். கேட்டு எழுதி வாங்கச் சொன்ன வரி இன்னும் உதவும். உங்கள் ஊர் வாடகைச் சட்டத்தையும் ஒப்பந்தத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அதற்கு முன் ஒட்டுப்போட முடியுமா என்று பேசிப் பாருங்கள். முதலில் கருகியது எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். கம்பளி என்றால் கரி தூளாகி உதிரும், நுனி மட்டும் என்றால் சிறு கத்தரியால் மழித்தாலே போதும். நைலானோ பாலியெஸ்டரோ என்றால் உருகிக் கெட்டியாகியிருக்கும், வெட்டி எடுக்கத்தான் வேண்டும். சுவர் அலமாரிக்குள் அதே கார்ப்பெட் இருக்கும். அங்கிருந்து கருகிய இடத்தைவிடச் சற்றுப் பெரிய சதுரத்தை, எஃகு அளவுகோல் வைத்துக் கூரிய கத்தியால், இழையை வெட்டாமல் அடித்துணியை மட்டும் அறுத்து எடுங்கள். அதையே அச்சாக வைத்துக் கருகிய இடத்தை வெட்டுங்கள். கையால் தடவி இழை சாயும் திசையைப் பார்த்து, இரண்டும் ஒரே பக்கம் சாயும்படி வையுங்கள், திசை மாறினால் நிறமே வேறாகத் தெரியும். அடியில் கார்ப்பெட் இணைப்பு டேப்பை நான்கு விளிம்புகளுக்கும் பாதி உள்ளே, பாதி வெளியே வருமாறு ஒட்டி, துண்டைப் பதித்து, ஒரு நாள் முழுக்கக் கனம் ஏற்றி வையுங்கள். பிறகு விளிம்பை விரலால் கோதிவிடுங்கள். வெட்டுவதற்கு முன் வீட்டுக்காரரின் சம்மதம் எழுத்தில் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேதம் ஒன்று இரண்டாகிவிடும், ஒன்று கருகியது, இன்னொன்று அலமாரிக்குள் நீங்கள் வெட்டியது.